ஆட்டு ஈரலும் அனுரூபாவின் பயமும்

அனுரூபா ஹாஜ்ரா விடிவதற்குள் ராஜாபஜாருக்குப் போய்விடுவாள். அறுத்த சூடு ஆறுவதற்குள் ஈரலைப் பனிக்கட்டிக்குள் அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் தேடும் நொதி செத்துவிடும். கசாப்புக்கடை இத்ரிஸ் மியா அவளுக்கென்றே முதல் ஆட்டின் ஈரலை ஒதுக்கி வைத்திருப்பார்.

"வாரா வாரம் ஈரல் வாங்கிட்டுப் போறியேம்மா, உன் வீட்டுக்காரர் இன்னுமா தேறல?"

"எனக்கு வீட்டுக்காரரே இல்ல சாச்சா. இது காலேஜுக்கு."

"அப்ப காலேஜுல எல்லாருக்கும் ரத்தசோகையா?"

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பாள். அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

உயிரணுவின் கருவுக்குள் டி.என்.ஏ இழை அறுந்தால் அதை ஒட்டிவைக்கும் நொதி ஒன்றை ஆட்டு ஈரலிலிருந்து பிரித்தெடுத்துவிட்டதாக அவள் போன வருடம் கட்டுரை எழுதியிருந்தாள். பம்பாயில் சிலர் அதே முறையில் செய்துபார்த்து, அப்படியொன்று கிடைக்கவே இல்லை என்று அவளுடைய பேராசிரியர் மைத்ராவுக்கு எழுதிவிட்டார்கள். அவர் திட்டவில்லை. "மறுபடி பண்ணு, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. கல்கத்தாவில் வம்பு டிராமைவிட வேகமாக ஓடும். எண்களை அவளே இட்டுக்கட்டினாள் என்று கேண்டீனில் பேச்சு. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒருவேளை உண்மையாகவே அப்படித்தானோ, கிடைக்க வேண்டும் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் தன் கையே தன்னை ஏமாற்றிவிட்டதோ என்ற பயம்தான் அவளைத் தின்றது.

ஈரலை அரைத்தாள். சர்க்கரைக் கரைசலில் சுழலவிட்டுக் கருக்களை மட்டும் அடியில் படியவைத்தாள். உப்பு போட்டு அவற்றை உடைத்து, வந்த சாற்றைக் குளிரறையில் நின்ற கண்ணாடிக் குழலுக்குள் ஊற்றினாள். குழலில் அடைத்திருக்கும் மாவு நொதியைப் பிடித்துக்கொள்ளும். பிடிபடாமல் வழிவது வெறும் கழுவல். பிறகு உப்பைக் கூட்டக் கூட்ட, பிடிபட்டது சொட்டுச் சொட்டாக இறங்கும். கழுவலையும்கூடச் சோதித்துப் பார்க்கும்வரை கொட்டக் கூடாது என்பது அந்த ஆய்வுக்கூடத்தின் சட்டம்.

இறங்கிய சொட்டுகளில் ஒன்றுமே இல்லை. நொதி வேலைசெய்தால் கதிரியக்கம் ஏற்றிய துணுக்குகள் டி.என்.ஏ இழையில் ஒட்டிக்கொண்டு எண் ஏற வேண்டும். கதிர்வீச்சை எண்ணும் கருவியோ வெறும் தண்ணீருக்குக் காட்டியதையே அவற்றுக்கும் காட்டியது. கழுவலிலும் இல்லை.

"போன வருஷத்து ஆடு காங்கிரஸ், இது இடதுசாரி. உனக்கு ஒத்துழைக்காது அனு" என்றார் பக்கத்து மேசைத் தபன்தா. அவளைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அவள் கருவியைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

மிச்சமிருந்ததை வைத்துக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். பாதியில் மின்சாரம் போயிற்று. ஜன்னலில்லாத அறை. மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு சோதனைக் குழாய்களை நிரப்பினாள். மின்சாரம் வந்ததும் எண்ணும் கருவிக்குள் வைத்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று வந்துகொண்டிருந்த எண்கள் ஒரு குழாயில் சடசடவென்று ஏறின.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. அந்தக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மற்றவற்றைவிட அதில் நீர்மட்டம் கூடுதல். இருட்டில் சொட்டையும் கழுவலையும் ஒரே குழாயில் ஊற்றித் தொலைத்திருக்கிறாள்.

இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்த எண்ணைக் காட்டி, சொட்டில் கிடைத்தது என்று சொன்னால் போதும், போன மானம் திரும்பிவிடும். அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்துத்தான் அவள் உண்மையிலேயே அரண்டுபோனாள். இன்னும் கொஞ்சம் நின்றால் சொல்லிவிடுவோம் என்று பயந்து, மைத்ராவின் அறைக்கு ஓடினாள்.

"சார், தப்புப் பண்ணிட்டேன். ரெண்டையும் ஒண்ணா ஊத்திட்டேன். அதுல மட்டும் ஏறுது."

மைத்ரா கண்ணாடியைக் கழற்றினார். "கழுவலக் கொட்டிட்டியா?"

"இல்ல சார்."

"அப்ப இன்னொரு தடவ ஊத்து. வேணும்னே ஊத்து."

அவர் பார்க்க ஊற்றினாள். தனித்தனியாக வைத்தவை செத்துக் கிடந்தன. கலந்தது மட்டும் மறுபடி சடசடவென்று ஏறியது. மைத்ரா எண்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போன வருஷம் இதைப் பண்ணப்ப கரண்ட் போச்சா?"

"போச்சு சார். குளிரறை சூடேறி மாவு விரிசல் விட்டுச்சு. தட்டிச் சரிபண்ணிட்டேன்."

"எங்க சரியாச்சு? பிரிய வேண்டியது பிரியாம ரெண்டும் கலந்து இறங்கியிருக்கு. பம்பாய்ல கரண்ட் போகாது. பாவம், ஒழுங்காப் பிரிச்சிட்டாங்க."

"அப்ப... நான் பொய் சொல்லலையா சார்?"

"பொய் இல்ல. தப்பு. ஒத்தை நொதின்னு எழுதின. அது ரெண்டு பேர் சேர்ந்து பாக்குற வேலை. ஒண்ணு சொட்டுல இறங்குது, இன்னொண்ணு கழுவல்ல போயிடுது. விரிசலையும் சேர்த்து நீயேதான் எழுதணும்."

குளிரறை வாசலில் இருந்த பனிக்கட்டிப் பெட்டிமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தபன்தா பதறிக்கொண்டு வந்தார்.

"என்னாச்சு அனு? என்ன சொன்னாரு?"

"நான் தப்புப் பண்ணிட்டேனாம் தபன்தா" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. "வெறும் தப்புதானாம்!"