கௌபாய் சொன்ன ‘போட்டு வா’

அடுத்தவன் வாயசைக்க நாம் பேசிப் பிழைப்பதுதான் டப்பிங் தொழில். அவன் நன்றாக நடித்திருந்தால் பாராட்டு அவனுக்கு, சொதப்பினால் திட்டு நமக்கு. இது தெரிந்தும் மைக்கின் முன்னால் போய் நிற்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால் உள்ள அறையில், பழைய கறுப்பு வெள்ளை கௌபாய் தொடர் ஒன்றை இணையத் தமிழ்த் தொலைக்காட்சிக்காக எங்கள் யாழ்ப்பாணத் தமிழுக்கு மாற்றுகிறோம். குதிரைக் கனைப்பு, கூட்டத்தின் கூச்சல், வந்தவுடன் சுடப்பட்டுச் சாகிறவர்கள் எல்லாம் நான்தான்.

மரியாதைக் கொள்ளை

ஒருநாள் எனக்கு வங்கிக் கொள்ளைக்காரன் வேடம் கிடைத்தது. துவக்கை நீட்டிக்கொண்டு ‘கையைத் தூக்கு’ என்று உறும வேண்டும். எதிரில் நிற்கும் வங்கிக்காரருக்கோ தலை முழுக்க நரை. வயது போன மனுஷனை ‘தூக்கு’ என்று சொல்ல என் நாக்கு ஒப்பவில்லை. ‘கையைத் தூக்குங்கோ’ என்றுவிட்டேன். ஷெரீப்புக்குக் குரல் கொடுப்பவன் கார்த்திக், ஆஹென் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மதுரைக்காரன். (ஷெரீப் வெளியூர்க்காரன் என்று பார்வையாளர்களிடம் சமாளித்து வைத்திருக்கிறோம்.) அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்:

“அண்ணா, இது பேங்க் ராபரியா, இல்ல கல்யாண வீட்டு ரிசப்ஷனா?”

ஷெரீப்பைப் பார்க்க வந்தவன்

கூட்டத்தில் நிற்பவர்களுக்கு வசனம் எழுதித் தரமாட்டார்கள், வாய்க்கு வந்ததைப் பேசலாம். ஷெரீப்பைத் தேடி ஒருவன் ஓடி வருகிறான். வாசலில் நிற்பவன் முதுகைக் காட்டியபடி அவனிடம் என்னவோ கேட்கிறான். நான் ‘டெர்மின் இருக்கோ?’ என்றேன். இந்த நாட்டில் எந்த அலுவலகக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது இந்த முன்பதிவைத்தானே. எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. ஒளிபரப்பான பிறகு அந்தத் துண்டு வாட்ஸ்அப்பில் ஓடித் திரிந்தது. தொலைக்காட்சி முதலாளி கொலோனிலிருந்து நேரிலேயே வந்துவிட்டார்.

“அடுத்த எபிசோட்டுக்கும் சனம் சிரிச்சால் தொடரை நிப்பாட்டிப்போடுவன், சொல்லிப்போட்டன்.”

அழாத கிழவர்

அடுத்த எபிசோட்டோ சிரிக்கவே கூடாத கதை. பண்ணைக்காரக் கிழவர் ஒருவர், கொலை செய்துவிட்டு ஒளிந்திருக்கும் தன் மகனைத் தானே ஷெரீப்பிடம் ஒப்படைக்கிறார். மகனுக்குத் தூக்கு நிச்சயம். ஆனால் அந்த நடிகர் அழவே மாட்டார். மகனின் சட்டைக் கொலரைச் சரிசெய்வார், ஏதோ சொல்ல வாயெடுப்பார், விழுங்கிவிடுவார். கிழவருக்குப் பேச இருந்தவருக்குத் தொண்டை கட்டிவிட்டதால், குதிரையாக இருந்த எனக்கு அந்த வேடம் வந்து சேர்ந்தது.

முதல் தடவை நான் ஒப்பாரியே வைத்துவிட்டேன். எங்கள் இயக்குநர் தர்சினி கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிறுத்தினாள். “அண்ணை, அந்தாள் அழேல்லை. நீங்கள் ஏன் அழுறியள்?” நியாயமான கேள்வி. அடுத்த தடவை குரலை இறக்கிப் பேசினேன்.

கடைசி வசனம் ‘போ, மகன்’. மகன் குதிரையில் ஏறுகிறான், கிழவரின் வாய் அசைகிறது, நான் ‘போட்டு வா’ என்றுவிட்டேன். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவரைப் பார்த்து வெறும் ‘போ’ என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை, போய்விட்டு வா என்றுதான் சொல்வோம். ஆனால் தூக்குக்குப் போகிறவன் எங்கே திரும்பி வருவது? தொடரின் கதை முடிந்தது என்று நினைத்தேன். தர்சினி அதையே திரும்பப் போட்டாள். வாயசைவு கச்சிதமாகப் பொருந்தியது. மகன் வரமாட்டான் என்று தெரிந்த ஒரு முகம் அவனை வா என்று சொல்லிக்கொண்டிருந்தது. கார்த்திக் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். தர்சினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

“எழுதினதைக் கிழிச்சுப் போடுங்கோ. இது இப்பிடியே போகட்டும்.”

எந்த ஊர்?

அந்த எபிசோட் ஒளிபரப்பானபோது ஒருவரும் சிரிக்கவில்லை. தொடர் தொடரும் என்று முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்பக்கக் கடைக்குள் நடந்தேன். வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா, அந்தக் கிழவரைப் பார்த்துத் தான் அழுத கதையைக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுக்குமா எனக்கு? அந்தக் குரல் நான்தான் என்றேன். அவர் அதைப் பெரிதாகக் காதில் வாங்கவில்லை.

“அதை விடுங்கோ தம்பி, அந்தக் கிழவர் யாழ்ப்பாணத்திலை எந்த ஊர்?”

பாராட்டு வழக்கம்போல அந்த நடிகருக்கே போய்விட்டது, ஆனால் அவரை யாழ்ப்பாணத்தாராக்கியது இந்த எசன் குதிரைதான்.