நான் கடித்த தந்தம்

ஃபாண்டன்ட் என்பது சர்க்கரையைக் களிமண்ணாக்குகிற வேலை. பிசையலாம், உருட்டலாம், சிங்கம் செய்யலாம். வாயில் போட்டால் பற்பசை மாதிரி இருக்கும். கேக்கின்மேல் உட்காரவைத்துப் படம் பிடித்துவிட்டு, ஆளாளுக்குத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். இந்தக் கண்றாவிக்காக ஒரு சனிக்கிழமை முழுக்க சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டின் ஒரே ஏர்கான் அறை மிருகங்களுக்குப் போனது. வெளியே வைத்தால் வேர்த்துக் கொழகொழத்துவிடுமாம். துவாஸில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா ஹாலில் ஃபேனுக்குக் கீழே வேர்த்துக்கொண்டு தூங்கினார். எனக்கு அப்போது எட்டு வயது.

அம்மா ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலையை விட்டுவிட்டு வீட்டில் கேக் செய்ய ஆரம்பித்திருந்தாள். அப்பா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்: "ரெண்டு மாசம் பாரு. வெளியாள் ஒருத்தரும் வாங்கலன்னா பேக்டரிக்கே போயிடு." அதுவரை வாங்கியதெல்லாம் எங்கள் தேவாலயத்து ஆட்கள், இரக்கப்பட்டு. காத்தோங்கிலிருந்து வந்த இந்த ஆர்டர்தான் முதல் வெளி ஆர்டர். ஒரு பையனுக்கு முதல் பிறந்தநாள். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, யானை வேண்டும் என்று போனில் படம் அனுப்பியிருந்தார்கள். இரண்டு மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

சிங்கத்துக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் அம்மா நிமிடத்துக்கு ஒருமுறை படத்தைப் பார்த்தாள். யானைக்கு மட்டும் பார்க்கவில்லை. படத்தில் நாலு காலில் நின்ற யானையை இவள் உட்காரவைத்தாள். கேட்டதற்கு, "நின்னா கால் அமுங்கிடும்" என்றாள். பெரிய தொந்தி. இடதுபக்கம் சுருண்ட தும்பிக்கை. விரல்கள் தானாகக் கிள்ளிக் கிள்ளி வைத்தன.

நானும் செய்வேன் என்று கத்தியதால் மிச்சச் சாம்பல்நிற மாவைக் கொடுத்தாள். நான் நீர்யானை செய்தேன். மூக்கு கூராகவும் காது பெரிதாகவும் போய்விட்டது. அம்மா சிரித்து, "பெரிய மனுஷி செஞ்சது, இருக்கட்டும்" என்று யானையின் காலடியில் ஒட்டினாள்.

பிறகு குளிக்கப் போனாள். நான் யானையின் ஒரு தந்தத்தைக் கடித்துத் தின்றேன். பசி இல்லை, கோபம். அன்றைக்கு முழுக்க அவள் சிங்கத்தின் முகத்தைத்தான் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்சியில் பெட்டி அம்மாவின் மடியில் இருந்தது. சிலோன் ரோட்டில் சிவப்பு விளக்கு. அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. வழியில் ஏதாவது உடைந்தால் தண்ணீர் தொட்டு ஒட்ட, எல்லா நிறத்திலும் ஒவ்வொரு உருண்டையும் ஒரு சின்னத் தூரிகையும் ஒரு டப்பாவில் கொண்டுவருவாள். அதைக் கையில் எடுத்தாள். சன்னலுக்கு வெளியே கோயில் கோபுரம். அம்மா இரண்டு கால்களையும் செருப்பிலிருந்து மெதுவாக உருவிக் கீழே வைத்தாள். புதுச் செருப்பு கடிக்கிறது என்று நினைத்தேன். பச்சை விழுந்தது. கேக் பெட்டியை மூடினாள்.

அந்த வீட்டில் முதலில் பார்த்தது பையனின் அத்தை. "எல்லாரும் ஓடி வாங்க! ஒத்தக் கொம்பு, தொந்தி, கீழ மூஞ்சூறு! இது யானை இல்ல லா, பிள்ளையாரு!"

"அப்புறம் இதுல எப்படிக்கா கத்தி வைக்கிறது?" என்றார் பையனின் அப்பா. கத்தி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

ஆர்டர் போச்சு, அம்மா பேக்டரிக்குப் போகப்போகிறாள், எல்லாம் என் பல்லால். "அது மூஞ்சூறு இல்ல, நீர்யானை!" என்று அழுதுகொண்டே கத்தினேன். வீடே சிரித்தது.

அத்தை யானையை இரண்டு கையாலும் தூக்கிச் சாமி அலமாரியில் வைத்தாள். என் நீர்யானையும் கூடப் போனது. இரண்டுக்கும் குங்குமம் வைத்தார்கள். சிங்கத்தை ஈவிரக்கமில்லாமல் வெட்டினார்கள்.

"நீங்க கிறிஸ்டியன்தானேம்மா? எப்படி இவ்வளவு கரெக்டா வந்துச்சு?" அம்மாவின் கழுத்துச் சிலுவையைப் பார்த்து அத்தை கேட்டாள்.

"தானா வந்துடுச்சுங்க" என்றாள் அம்மா. அவள் கைகள் மேலே வந்தன, நெஞ்சுக்கு நேரே நின்றன, பிறகு துப்பட்டாவில் துடைத்துக்கொண்டன.

"அடுத்த மாசம் என் மகளுக்கு ஒன்னு போடுங்க. ஆனா சாமி வேணாம், சும்மா பூ போதும். வெட்டணும்ல!" என்றாள் அத்தை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன், தந்தத்தை மட்டும் விட்டுவிட்டு. அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அம்மாவையே பார்த்தார். பிறகு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவுக்கு இருந்த பெயர் அது. பெரியம்மாக்கள் போனில் மட்டும் அப்படிக் கூப்பிடுவார்கள். அது செல்லப்பெயர் என்று நினைத்திருந்தேன். அப்பா வாயில் அதை அன்றுதான் முதன்முறை கேட்டேன். "இனிமே ஏர்கான் ரூம் உனக்குத்தான்" என்றார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் பையைத் துழாவி அந்தச் சின்ன டப்பாவைத் திறந்தேன். வெள்ளை உருண்டை கிள்ளப்படாமல் முழுசாக இருந்தது. தூரிகை நனையவே இல்லை. ஒட்ட மறந்துவிட்டாள், பாவம் என்று நினைத்தேன். பார்த்தால் ஞாபகம் வந்து என்னை அடிப்பாளே என்று, அந்த உருண்டையையும் தின்றுவிட்டேன்.