கடற்பசுவின் மேல் ஏறிய படகு

அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோவில் பனி கொட்டத் தொடங்கிய ஒரு டிசம்பரில் என் கணவர் என்னையும் ஐந்து வயது மகளையும் ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிப் போனார். கல்யாணமாகி ஏழு வருஷம். கிரீன் கார்டு இன்னும் வந்தபாடில்லை.

முதல் நாள் ஒரு வழிகாட்டிப் பெண்ணின் படகில் போனோம். குளிர்காலத்தில் கடற்பசுக்கள் வெதுவெதுப்பான ஊற்றுத் தண்ணீரைத் தேடி ஆற்றுக்குள் வந்துவிடுமாம். தெளிந்த தண்ணீருக்கடியில் சாம்பல் நிறப் பாறைகள் மாதிரிக் கிடந்தன. அவ்வப்போது மூக்கு மட்டும் மேலே வந்து ‘புஸ்’ என்று மூச்சு விடும். பல முதுகுகளில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். மோட்டார் படகின் விசிறி அறுத்த தழும்புகள். அதை வைத்துத்தான் எது எது என்று அடையாளம் கண்டுபிடிப்பார்களாம். ஒரு குட்டி தாயின் அக்குளில் வாய் வைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

“ரெண்டு வருஷம் அம்மாவ விட்டு நகராது. குளிருக்கு எந்த ஊற்றுக்குப் போகணும்னு அம்மாதான் காட்டிக் குடுக்கணும்” என்றாள் அந்தப் பெண்.

“தின்னுட்டுத் தூங்குது. அப்படியே உன்ன மாதிரி” என்றார் கணவர் என்னிடம். நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் அவரே ஒரு சின்ன மோட்டார் படகை வாடகைக்கு எடுத்தார். மெதுவாகப் போகச் சொல்லிப் பலகை இருந்தது. “இந்த ஸ்பீட்ல டிரைவ் பண்ணா இன்னிக்குப் போய்ச் சேர்ந்தாப்லதான்” என்று வேகத்தைக் கூட்டினார். அடியில் தொம்மென்று ஒரு சத்தம். படகு தூக்கிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் கலங்கி, சிவந்து, பெரியது ஒன்று ஒருக்களித்தபடி மேலே வந்தது. குட்டி அதை முட்டிக்கொண்டே இருந்தது.

“நிறுத்துங்க!”

“அது மரக்கட்டை.”

“கட்டைக்கு ரத்தம் வருமா?”

“வாயை மூடு. கேஸ் ஆச்சுன்னா கிரீன் கார்டு அவ்ளோதான். அப்புறம் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

படகுத்துறையில் ஒரு அதிகாரி, அடிபட்ட கடற்பசுவைப் பற்றித் திரும்பி வரும் எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றார் கணவர்.

“டாடி ஹிட்…” என்று மகள் ஆரம்பித்தாள்.

அவள் தொடையில், நகம் பதியக் கிள்ளினேன். வீறிட்டு அழுதாள். “பசி” என்று அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொல்லி, சிரிக்கவும் செய்தேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். தாய் பிழைக்காது என்றார். குட்டியைப் பிடிக்க ஆட்கள் போயிருக்கிறார்கள், அது யாரையும் கிட்டவே விடாமல் தாயிடம் பால் குடிக்கப் பார்க்கிறது என்றார். “ஸோ ஸேட்” என்றார் என் கணவர்.

கார் கிளம்பியதும் கண்ணாடியில் மகளைப் பார்த்து, “உங்கம்மாவுக்கும் மூளை இருக்கு பாரு” என்றார். அந்த ஏழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு அது. பின் சீட்டில் குழந்தை தேம்பிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.