வெள்ளை இமைக் குரங்கு

நாகப்பட்டினத்தில் புயல் பிய்த்துப்போட்ட சர்க்கஸ் கூடாரத்திலிருந்து தப்பி, வாய்க்கால் வழியே அந்தக் குரங்கு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. புகை நிற உடம்பு, தலையில் செம்பட்டைத் தொப்பி, உடம்பை விட நீளமான வால். கண்ணை மூடித் திறந்தால் இமை இரண்டும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துத் தெரியும். களத்து மேட்டுக்குக் கீழே சேறும் தாழம்புதருமாகக் கிடந்த இடத்தில் அது குடியேறியது.

ஆட்சி மாறிவிட்டதென்று டீக்கடை ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த காலம். எங்கள் கூலி மட்டும் மாறவில்லை. கூடுதல் நெல் கேட்டுத் தெருவே அரிவாளைச் செருகி வைத்துவிட்டது. பண்ணையார் தெற்கேயிருந்து லாரியில் ஆள் இறக்கினார். அவர்கள் அறுத்துவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது.

எங்கள் தெருவுக்கு முன்நின்ற என் மாமா அசரவில்லை. புதரில் இருப்பது முனி என்று கிளப்பிவிட்டார். தினமும் விடியுமுன் அங்கே வேர்க்கடலையும் பனங்கொட்டையும் போட்டார். குரங்கு பனங்கொட்டையைப் பல்லாலேயே உடைத்தது. கடலையைக் கன்னத்துப் பைகளில் அடைத்துக்கொண்டு விழித்தது. வந்த ஆட்கள் வெள்ளை இமையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தார்கள். பண்ணையாரே முனிக்குச் சேவல் கொடுத்தனுப்பினார். அது எங்கள் தெருவில் குழம்பானது.

நான்காம் நாள் காலை நான் புதருக்குப் போனேன். குரங்கு என்னைப் பார்த்து இமையைக் காட்டியது. கண்ணடிக்கிறது என்று நானும் கண்ணடித்தேன். மறுபடி காட்டியது. கையை நீட்டினேன். கடித்துவிட்டது. அலறலில் வரப்பு முழுக்க ஓடி வந்தது. குரங்கு எல்லோர் கண்ணெதிரே, சாதாரணக் குரங்காக, கீச்சிட்டுக்கொண்டு ஓடியது.

வெளியூர்க்காரி ஒருத்தி என் கையைக் கழுவி, முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். மாமாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"குரங்குன்னு தெரிஞ்சுபோச்சு. இனி வயல்ல எறங்கிடுவீங்கல்ல?"

"ஏண்ணே, எங்க ஊரு கோயில் பூரா குரங்குதான். மொத நாளே தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கும்பிட்டீங்க?"

"உங்க வயித்துல அடிக்க மாட்டோம்னு சொன்னா, திரும்பிப் போக லாரி விடுவாரா உங்க பண்ணை? முனின்னா விடுவாரு."

முனிக்குப் பயம் என்றே அவர்கள் பண்ணையாரிடம் சொல்ல, அன்று மாலையே லாரி அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. நெல் உதிரத் தொடங்கியதும், நாங்கள் கேட்ட கூலிக்குப் பண்ணையார் இறங்கி வந்தார். சர்க்கஸ்காரர்கள் வந்து குரங்கைப் பிடித்துப் போனார்கள்.

நாலாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், ஒரு மிருகக்காட்சி சாலையில் மறுபடி அந்த இமையைப் பார்த்தேன். மங்கபே, ஆப்பிரிக்காவின் சதுப்புக் காட்டுக் குரங்கு என்றது பலகை. இமையைக் காட்டினால் கிட்டே வராதே என்று அர்த்தமாம், கூண்டுக்காரர் சொன்னார்.

கட்டுப்போட்ட கையோடு அப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், பண்ணையாரை எங்கள் குரங்கு ஜெயித்துவிட்டதென்று. மாமாவோ, அந்தப் பொம்பளை பேரைக் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று அறுவடை முடியும் வரை புலம்பினார். குரங்கைப் பற்றிப் பேசாமல் இதென்ன பேச்சு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.