ரொட்டி சுட்ட வீட்டில் பெண் கேட்டவர்கள்

எங்கள் பக்கத்தில் அப்போது ரொட்டி என்றால் நோயாளி சாப்பாடு. வைத்தியர் சோற்றை நிறுத்தி ரொட்டியும் பாலும் கொடுக்கச் சொன்னால் வீட்டில் எல்லாருடைய முகமும் மாறிவிடும். எங்கள் வீட்டில் மட்டும் அது காலைப் பலகாரம். அப்பாவை ஐயா என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவோம். ஐயா ரங்கூனில் பதினோரு வருஷம் இருந்தவர். தேத்தண்ணீரில் ரொட்டியை நனைத்துத் தின்னாமல் அவருக்குப் பொழுது விடியாது.

செக்காலை ரொட்டிக் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று ஆத்தா தினமும் முணுமுணுத்தாள். ஐயா கொல்லையில் ஒரு பெரிய பானையைப் படுக்கவைத்து, சுற்றிலும் மண் பூசி அடுப்பாக்கினார். மாவு புளிக்கக் கள் வேண்டும். அதை வீட்டுக்குள் கொண்டுவர ஆத்தா விடவில்லை. ஆகவே பிசைவதும் சுடுவதும் கொல்லையிலேயே, அக்கா கையால். முதல் மூன்று நாள் கல்லாக வந்தது. நான்காம் நாள் உப்பியது. ஒரு ரொட்டி ஆறு துண்டு: ஐயாவுக்கு மூன்று, அக்காவுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. ஆத்தா தொடமாட்டாள், பாதிச் செலவு மிச்சம் என்பதிலேயே அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. அந்த மாதம் அவளைப் பெண் கேட்டுப் பள்ளத்தூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஐயாவைவிட இரண்டே வயது இளையவர். முதல் மனைவி இறந்து, இரண்டு பிள்ளைகள். நகை வேண்டாம், கல்யாணச் செலவும் தங்களுடையது என்று சொல்லியிருந்தார்கள். ஆத்தாவுக்கு அதுவும் மிச்சம். அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் தாயார் உட்காரும்போதே மூக்கை உறிஞ்சினார்.

"ரொட்டி வாசமாவுல இருக்கு. யாருக்கு மேலுக்கு முடியல?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. இவுகளுக்கு ரங்கூன் பழக்கம்" என்றாள் ஆத்தா.

அந்த அம்மாள் என்னைக் கிட்டே இழுத்தார். "நீ சொல்லு தாயி. ரொட்டி யாரு திங்கிறா?"

"ஐயாவுக்கு மூணு துண்டு, அக்காவுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு" என்று சரியாகச் சொன்னேன்.

"பொண்ணுக்குமா? தினமுமா?"

அப்போது உள்ளறையில் இருமல் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு நிற்காமல். திரும்பிப் பார்த்தேன். கதவோரம் புதுச்சேலையில் நின்ற அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். காலையில் அவளுக்குச் சளிகூட இல்லை. தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டதென்று தண்ணீர் எடுக்க ஓடினேன்.

செம்போடு வந்தபோது எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"சயரோகத்தையா இத்தன நாளா மறச்சு வச்சிருக்கீக?" என்றார் அந்த அம்மாள். "அதான் நகை வேண்டாம்னதும் மறு பேச்சில்லாமச் சரின்னீகளாக்கும்."

ஐயா வாசல்வரை போய்க் கெஞ்சிப் பார்த்தார். அவர்கள் வெற்றிலையைக்கூடத் தொடவில்லை. ஆத்தா உலக்கையை எடுத்துக் கொல்லை அடுப்பை உடைத்தாள். "இனி இந்த வாசலுக்கு எவன் வருவான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் அழுதாள்.

என் பதிலால்தான் எல்லாம் கெட்டது என்று அடிக்குக் காத்திருந்தேன். யாரும் அடிக்கவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு அக்காவிடம் போனேன். உடைந்த மண்ணுக்குள்ளிருந்து அன்றைய ரொட்டியை எடுத்து மண்ணைத் தட்டி, அவள் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"இருமல் போச்சாக்கா?"

"போச்சுடி."

இருமலை நினைத்துத்தானே ஆத்தா அழுகிறாள்? சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று ஓடத் திரும்பினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தாகிட்டச் சொல்லாத."

உடம்பு சரியானதை எதற்கு மறைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளே அழுகை ஓயவில்லை. அக்காவும் கையை விடவில்லை.