மூன்று தட்டு, ஒரு மிதி

போன சனிக்கிழமை மகள் எங்கள் இருவரையும் ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கிரிக்கெட் பார்க்க அல்ல... ராக் கச்சேரி! முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு போகிற ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் கூட்டத்தில் பாதி என் வயசு.

என் கவலை முழங்கால் அல்ல, என் மனைவி பவானி. ஒவ்வொரு நவம்பரிலும் லண்டன்காரர்கள் கொளுத்துகிற வாணவெடிக்கே ஜன்னல்களை அடைத்துவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைப்பவள். வருகிறேன் என்று அவளாகவே சொன்னபோது எனக்கு நம்பிக்கை இல்லை. உட்காருவதற்கு முன்பே வெளியே போகிற வழியைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு மொட்டைத்தலை வெள்ளைக்காரர். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். இந்தக் குழுவைப் பெயரே இல்லாத காலத்தில் ஒரு சின்னப் பப்பில் பார்த்தாராம். கைக்கெட்டும் தூரத்தில் நின்றாராம். லண்டனில் என் வயசுக்காரர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு குழுவைப் பற்றி இதைத்தான் சொல்கிறார்கள். சொல்கிற அத்தனை பேரும் உண்மையிலேயே போயிருந்தால் அந்தப் பப்புகளின் சுவர் வெடித்திருக்காதா?

நான் வாயைத் திறந்தேன். பவானி கிள்ளினாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட கதையை இஞ்சையும் தொடங்காதேங்கோ."

என் கதை என்ன? அந்தக் காலத்தில் நாங்கள் இந்தக் குழுவின் கச்சேரி ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுடைய தலைக்கு மேலே குடியிருந்தோம்!

எண்பதுகளின் கடைசி. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பப்புக்கு மேலே ஒற்றை அறை. வாடகை மலிவு. ஏன் மலிவு என்று கேட்கிற புத்தி எனக்கு எங்கே இருந்தது? நான் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட். பவானி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், கீழே இந்தக் குழுவினர் டிரம்மை அடித்துச் சரிபார்க்கத் தொடங்கினார்கள்.

உங்களுக்கும் எனக்கும் அது டிரம். ஊர்ச் சண்டையின் ஷெல்லடிக்குள் இருந்து நேரே வந்து இறங்கியவளுக்கு? ஊரில் செய்வதுபோலத் தரையில் குப்புறப் படுத்திருக்கிறாள். ஆனால் சத்தமே தரைக்குள்ளிருந்துதானே வருகிறது! வயிற்றில் இடிக்கிறது. வேறு யாராவது என்றால் தெருவுக்கு ஓடியிருப்பார்கள். இவள் பப்புக்குள் ஓடினாள். உள்ளே இருக்கிற சனத்தைக் காப்பாற்ற வேண்டுமே! வெறுங்காலோடு நுழைந்து, தெரிந்த ஒரே பொருத்தமான ஆங்கிலச் சொல்லைக் கத்தினாள்.

"பாம்! பாம்!"

நிஜமாகவே குண்டு வெடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்து லண்டனில் குண்டு என்ற சொல் விளையாட்டல்ல. நான் ஷிப்ட் முடிந்து வருகிறேன்... பப் முழுக்கத் தெருவில் நிற்கிறது, கையில் பியர் கிளாஸோடு. நடுவில் பவானி, தோளில் யாருடையதோ தோல் ஜாக்கெட். என்னைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"எல்லாரும் வெளியில வந்திட்டினமோ?"

தெருவென்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

பப் முதலாளி எரிந்து விழுந்தார். அந்தக் கிழமையே அறையைக் காலி செய்ய வேண்டுமாம். எங்கே போவது? அப்போதுதான் ஜாக்கெட்டின் சொந்தக்காரன் குறுக்கே வந்தான். டிரம்மர். சிவப்பு முடி, ஈர்க்குச்சி உடம்பு. ஷெல்லடி பற்றி நான் முதலாளிக்கு விளக்கியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவன்.

சத்தமா அவளைப் பயப்படுத்துகிறது? சொல்லாமல் வருகிறதே, அதுதான்... இனி நான் சொல்லிவிட்டு அடிக்கிறேன் என்றான். இவர்களை அனுப்பினால் நாங்களும் வேறு பப் பார்ப்போம் என்றும் சொன்னான். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

அடுத்த வியாழன் எங்கள் கதவு தட்டப்பட்டது. அவன்தான். தொடங்கட்டுமா என்று கேட்டான். பவானி தலையாட்டிவிட்டு, கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி முழுக் கச்சேரியையும் கேட்டு முடித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் வந்தான். பவானி பழக்கிவிட்டதில், "அக்கா, ஓகே?" என்று கேட்கத் தொடங்கினான். "ஓம் தம்பி" என்பாள். சாப்பாடு இல்லாத முகம் என்று சொல்லி மட்டன் ரோல்ஸும் கொடுத்து அனுப்புவாள். கட்டிலைப் பிடித்த பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

பிறகு கூட்டம் சேர்ந்துவிட்டது. மேடையை விட்டு அவனால் வர முடியவில்லை. ஆகவே புது ஏற்பாடு. பெரிய டிரம்மில் மெதுவாக மூன்று தட்டு. தட்டிவிட்டுக் காத்திருப்பான். மேலே பவானி காலால் ஓங்கி ஒரு மிதி. அப்படியென்றால் தொடங்கலாம்! கீழே அத்தனை பேரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். மிதி விழுந்ததும் விசில் பறக்கும்.

ஒருநாள் மூன்று தட்டும் கேட்டது. பவானி அடுப்படியில். நான் பதறினேன்.

"நிக்கட்டும். தாளிச்சுப்போட்டு வாறன்."

நின்றார்கள்!

தொண்ணூறுகளில் அவர்கள் புகழில் எங்கேயோ போய்விட்டார்கள். பப் இப்போது பிளாட் ஆகிவிட்டது. ஆனால் அந்த மூன்று தட்டும், பிறகு வருகிற மௌனமும் மட்டும் இன்றைக்கும் ஒவ்வொரு கச்சேரியிலும் உண்டு. அதைப் பற்றி என்னவெல்லாம் எழுதுகிறார்கள்! இதயத் துடிப்பாம். இறந்துபோன நண்பனுக்கு அஞ்சலியாம். நான் உண்மையைச் சொன்னால் மகள், "அப்பா, பிளீஸ்... திரும்பவுமா?" என்பாள். பவானியும் எனக்குச் சாட்சி சொன்னதில்லை. அந்த டிரம் கதையைத் தொட்டால் ஷெல்லடியையும் தொட வேண்டும். அது அவளுக்கு ஏலாது.

சனிக்கிழமைக்கு வருவோம். விளக்குகள் அணைந்தன. பவானி என் முழங்கையைப் பிடித்தாள், அந்தக் காலத்தில் கட்டிலைப் பிடித்த அதே பிடி.

டும்... டும்... டும்.

ஸ்டேடியமே மூச்சடக்கியது. பெரிய திரையில் அவன். சிவப்பு முடியெல்லாம் நரைத்துவிட்டது. குச்சியைத் தூக்கியபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். மேலே கூரை இல்லை, வெறும் வானம். மொட்டைத்தலையர் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். "இந்த சைலன்ஸைக் கேளுங்கோ, அப்பா" என்று மகள் கிசுகிசுத்தாள்.

பவானி என் முழங்கையை விட்டாள். சப்பாத்துக் காலைத் தூக்கி, கொங்கிரீட் தரையில் ஓங்கி ஒரு மிதி.

"ஓம் தம்பி, தொடங்கு."

தொடங்கினான். மகள் மேடையைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொட்டைத்தலையர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவராகவே இருக்கட்டும்... தொடங்க அனுமதி கொடுத்தது எங்கள் வீட்டில்!