முடிவு பிரமாதம்

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு பழக்கம். தூரப் பார்வையைச் சோதிக்கச் சுவரில் எழுத்து அட்டை மாட்டியிருப்பார், எல்லாக் கடையிலும் இருப்பதுதான். ஆனால் படிக்கிற கண்ணாடி என்று யாராவது வந்து உட்கார்ந்தால் அட்டைக்கு வேலையில்லை. சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டிவிட்டு, பின்னாலிருக்கிற அலமாரியிலிருந்து ஒரு நாவலை உருவி, நடுப்பக்கத்தைப் பிரித்துக் கையில் கொடுப்பார். வந்தவர் நாலு வரி படிப்பார். லென்ஸ் மாறும். இன்னும் நாலு வரி. "சரி, இவன் யாரு, எதுக்கு ஓடுறான்?" என்று வந்தவர் கேட்டால் பவர் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கண்ணாடியோடு புத்தகமும் வீட்டுக்குப் போகும். கண்ணாடிக்குத்தான் விலை, புத்தகம் படித்துவிட்டுத் திருப்பித் தரவேண்டியது.

இப்படிப் புத்தகம் வாங்கிப் போனவர்கள் திருப்பித் தர வந்தபோது உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். பேச்சு நீண்டது. கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு அஞ்சாறு பேர் முக்காலிகளில் உட்கார்வது வழக்கமாகிவிட்டது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கொலை விழாத கதையைத் தொடவே மாட்டேன் என்கிற லாரி டிரைவர் ஒருவர், இப்படி. யாருக்கு எந்த எழுத்தாளர் ஒத்துவரும் என்று கடைக்காரர் ஆளைப் பார்த்தே சொல்வார். தப்பாது. தான் படிக்காத ஒரு புத்தகத்தை யாருக்கும் சொன்னதில்லை என்பதில் அவருக்குக் கர்வம். கர்வப்பட வேண்டிய விஷயம்தான்.

குறை ஒன்று இருந்தது. யாராவது அவருக்கு ஒரு புத்தகத்தைச் சொன்னால், "அப்படியா, பாப்போம்" என்பார். அந்தப் 'பாப்போம்' கிணற்றில் போட்ட கல். அவர் மனைவி ஒருநாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இவருக்கு ஊட்டிவிடத்தான் தெரியும், வாயைத் திறக்கத் தெரியாது." எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார்.

பைண்டிங்கம்மா வந்தது ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று. இரண்டு தெரு தள்ளி ஒரு அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலை. "நாள் முழுக்கப் புத்தகத்தோடதான் இருக்கேன் அண்ணே, ஆனா உள்ள என்ன இருக்குன்னு பாக்க நேரமில்ல" என்றார். கடைக்காரர் அவருக்குக் கண்ணாடியும் ஒரு சின்ன நாவலும் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "அந்தப் பெரியவரு பாதியிலயே செத்திருக்கணும் அண்ணே. எழுதினவருக்கு மனசு வரல. அதனால கதைதான் செத்துப்போச்சு."

கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். அவருக்கும் அதேதான் தோன்றியிருந்தது, ஆனால் இப்படிச் சொல்ல வந்ததில்லை.

அதற்கப்புறம் பத்து வருஷம். இவர் கொடுப்பார், அந்த அம்மா படித்துவிட்டு வந்து சொல்வார். உண்மையைச் சொன்னால், மற்றவர்களுக்கெல்லாம் புத்தகம் கொடுத்தது பழக்கத்தில். பைண்டிங்கம்மாவுக்குக் கொடுத்தது அவர் என்ன சொல்வாரோ என்கிற ஆசையில். புதிதாக ஒரு புத்தகம் படிக்கும்போதே, இந்த இடத்தில் அந்த அம்மா உதட்டைப் பிதுக்கும், இந்த இடத்தில் பேசாமல் இருக்கும் என்று மனசுக்குள் ஓடும். எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் கிடைக்காத துணை அது. கையில் இருந்தபோது அவருக்கும் அது தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பைண்டிங்கம்மா பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். படம் கிடம் இல்லாத பழுப்பு அட்டை, தானே தைத்து ஒட்டியது. எழுதியவர் பெயரை அங்கிருந்த யாரும் கேள்விப்பட்டதில்லை.

"எங்க அச்சகத்துல போட்டதுதான் அண்ணே. இவரு எழுதினது இது ஒண்ணுதான். படிச்சு முடிச்ச உடனே எங்கிட்ட வந்து சொல்லணும்."

பத்து வருஷத்தில் அந்த அம்மா அவருக்கென்று ஒரு புத்தகம் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. கடைக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போய் முதல் பக்கத்தைப் பிரித்தார். அக்கா தங்கை இரண்டு பேர், பொதுவான வீடு, நடுவில் சுவர் எழுப்புகிறார்கள். சொத்துத் தகராறு என்று முடிவுகட்டி மூடி, மறுநாள் கடை அலமாரியில் செருகிவிட்டார். அவர் கைவசம் படிக்க வேறு நல்ல நல்ல புத்தகங்கள் காத்திருந்தன.

அடுத்த வாரம் பைண்டிங்கம்மா கேட்டார். "படிச்சிட்டிருக்கேன்மா" என்றார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். அதே பதில். மூன்றாவது தடவை கேட்டபோது தபால்காரர் சிரித்துக்கொண்டே, "விடும்மா, அவரு யாரு சொல்லிப் படிச்சாரு?" என்றார். கடைக்காரருக்குச் சுருக்கென்றது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"யாரு சொன்னா? படிச்சு முடிச்சாச்சு. அருமையான புத்தகம்."

பைண்டிங்கம்மா முகம் மலர்ந்தது. முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "முழுசாவா அண்ணே? கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்தான்."

"முடிவு எப்படி இருந்துச்சு?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். மறந்துபோச்சு என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யைப் பாதியில் நிறுத்த எவனால் முடிகிறது? "முடிவு பிரமாதம்மா. அந்த முடிவுக்காகவே படிக்கலாம். எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல."

பைண்டிங்கம்மா முக்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சந்தோஷம் அண்ணே" என்றார். டீ முடிகிற வரைக்கும் இருந்தார், மற்றவர்கள் பேசியதற்குத் தலையாட்டினார், போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. இரவல் வாங்கிப் போயிருந்த இரண்டு புத்தகங்கள் உறை போட்டு, அச்சகத்தில் கூட வேலை பார்க்கிறவர் மூலம் திரும்பி வந்தன. "வேலை ஜாஸ்தியாம்" என்றார் கொண்டுவந்தவர். கடைக்காரர் முதலில் நம்பினார், பிறகு கோபப்பட்டார். பத்து வருஷம் பழகியதற்கு நேரில் வந்து சொல்லக்கூடாதா? போனால் போகட்டும் என்று இருந்தார். ஆனால் புதுப் புத்தகம் ஏதாவது படித்து முடிக்கிறபோதெல்லாம், யாரிடம் கொடுப்பது என்று கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மனைவிதான் சொன்னாள்: "போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்தா என்ன, கால் தேஞ்சா போயிடும்?" அவர் போகவில்லை.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. லாரி டிரைவர் நீண்ட பயணத்துக்குத் தடியாக ஏதாவது வேண்டும் என்று அலமாரியைக் குடைந்தவர், அந்தப் பழுப்பு அட்டையைத் தானே உருவிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது நல்ல கடுப்பில் இருந்தார்.

"என்ன அண்ணே இது? கொலையே இல்லாத கதையை நான் வாழ்க்கையில முதல் தடவையா விடாம படிச்சா, பாதி வரியில நிக்குது. கடைசிப் பக்கமெல்லாம் எங்க?"

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். தங்கை சுவரைச் சுற்றிக்கொண்டு போய் அக்கா வீட்டு வாசலில் நிற்கிறாள். 'கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள், அப்போது' என்று ஒரு வரி. அதற்கப்புறம் அட்டைதான். யாரும் கிழிக்கவில்லை, அந்தப் புத்தகத்தில் முடிவு என்று ஒன்றைத் தைக்கவே இல்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது எட்டு நொடிகூடத் தாங்கியிருக்கவில்லை. அவருக்குக் காது சூடாகிவிட்டது. முடிவு எப்படி இருந்தது என்று கேட்ட அந்த முகமும், இழுத்துப் போட்ட முக்காலியும் ஞாபகம் வந்தன. டிரைவர் என்னவோ பேசிக்கொண்டிருந்தார், அது காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்து புத்தகத்தை முதலிலிருந்து படித்தார். சொத்துத் தகராறு இல்லை அது. சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் விளக்கு எரிகிற கதை. பல இடங்களில் மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தார். வருஷக்கணக்கில் இப்படி ஒரு புத்தகம் அவர் கையில் வந்ததில்லை. வந்ததை அலமாரியில் செருகி வைத்திருந்தார்.

மறுநாளே அச்சகத்துக்குப் போனார், பைண்டிங்கம்மாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு வருஷமாக எடுத்து வைத்திருந்த நாவல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு. நீளமான அறை, பசை வாசனை, ஒரு மூலையில் தாள் வெட்டுகிற இயந்திரம் தடதடத்தது. அந்த அம்மா மேசைமுன் நின்று பெரிய தாள்களைப் பதினாறு பக்கமாக மடித்து, மரக்கட்டையால் மடிப்பைத் தேய்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்" என்றார்.

'அண்ணே' போய்விட்டது என்பது கடைக்காரருக்கு அந்த ஒரு சொல்லில் புரிந்தது. சுற்றி வளைக்கவில்லை. "நான் அதைப் படிக்கவே இல்லம்மா அப்போ. பொய் சொல்லிட்டேன். இப்பதான் படிச்சேன்."

"தெரியும் சார்." கை நிற்கவில்லை. "அது கழிச்சுப் போட்ட பிரதி. கடைசி மடிப்புத் தாள் சேராம போச்சு. நல்ல பிரதியெல்லாம் எழுதினவரே எடுத்துட்டுப் போயிட்டாரு. ஆனா கடைசி மடிப்பை நான் இதே மேசையில மடிக்கும்போது படிச்சிருந்தேன். நீங்க அந்த வரியில வந்து நின்னதும் பதறியடிச்சு ஓடி வருவீங்க, அப்புறம் என்னாச்சுன்னு கேப்பீங்க, நான் உக்காந்து சொல்லணும்னு நெனச்சிருந்தேன். பத்து வருஷமா எதைப் படிக்கணும்னு நீங்களே சொல்லிட்டு இருந்தீங்க. ஒரு தடவை நான் சொல்லலாம்னு ஒரு ஆசை."

கடைக்காரர் மேசைப்பக்கம் ஒரு எட்டு வைத்தார். "இப்ப சொல்லும்மா. கேக்கத்தான் வந்தேன்."

அந்த அம்மா சொன்னார். நின்றபடியே, தாளை மடித்தபடியே, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோல். தங்கை தட்டுவதற்கு முன்பே அக்கா கதவைத் திறக்கிறாள். மன்னிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. நேற்றுப் பார்த்தவள்போல, "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

பிரமாதம் என்ற வார்த்தை கடைக்காரர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லக் கூசியது. கையிலிருந்த நாவலை மேசையோரம் வைத்தார். "இது உனக்குன்னு எடுத்து வச்சது. ரொம்ப நல்ல புத்தகம்."

பைண்டிங்கம்மா கட்டையைக் கீழே வைத்தார். புத்தகத்தைத் தொடவில்லை.

"கோவமெல்லாம் இல்ல சார். அன்னைக்கு ராத்திரி நீங்க இத்தனை வருஷமா குடுத்த புத்தகத்தையெல்லாம் ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்தேன். இது நல்லாருக்கும்னு நீங்க சொல்வீங்க, அதை நம்பித்தான் முதல் பக்கத்தையே பிரிப்பேன். அதுல எதை நீங்க படிச்சீங்க, எதைப் படிக்காம சொன்னீங்கன்னு இப்ப எனக்குத் தெரியல."

"எல்லாமே படிச்சதும்மா. சத்தியமா. நான் படிக்காதது இது ஒண்ணுதான்."

அது முழுக்க முழுக்க உண்மை. பத்து வருஷத்துப் புத்தகங்களில் எதை வேண்டுமானாலும் எடுத்து, எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் பிரித்துக் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அந்த அம்மா கேட்கவில்லை.

"இருக்கும் சார்" என்றார், மரியாதையாக. நாவலை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த தாளை மடிக்க ஆரம்பித்தார்.